மேனகாவின் சைக்கிளும் மடிப்பிச்சையும்

கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் பலாக்குழிப்பட்டி எங்கே என்று கேட்டால் பஸ்காரர்களுக்கே கொஞ்சம் யோசனை வேண்டும். சைக்கிள்கார மேனகா ஊர் என்று கேளுங்கள், இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறக்கிவிடுவார்கள். அந்த மலையில் சைக்கிள் ஓட்டுகிற ஆண்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்று மேடாக இருக்கும், இல்லாவிட்டால் பள்ளமாக இருக்கும். நடுவில் கொஞ்சம் சமமான இடம் கிடைத்தால் அங்கே யாராவது மரவள்ளி நட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, மிளகுக் காட்டுக்குச் சைக்கிளில் போகிற பெண்பிள்ளையை ஊர் பேசாமல் விடுமா? பேசியது. மேனகா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாததைக் கேட்காத காது அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

அந்தச் சைக்கிள் அவளுடையதே அல்ல. மகள் ஹேமலதா பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அவள் சேலத்துக்கு நர்சிங் படிக்கப் போனபிறகு சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் கோழி அடைவதற்குத் தோதாகச் சாய்ந்து கிடந்தது. ஒருநாள் கோழியை விரட்டிவிட்டு மேனகா அதை வெளியே எடுத்தாள். புருஷன் கந்தப்பன் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன் அவன். நடந்தே பழக்கமில்லாதவன் ஓடினால் என்ன ஆகும்? மூச்சு வாங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அது தெரியாமல் அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்த்தபோதுதான் விழுந்தாள். நாற்பதைத் தாண்டிய வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருந்திருக்கிறதே என்று அன்று முழுக்க முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷத்துக்கு ஓட்டிய சைக்கிளை ஓர் உயிருக்காக ஓட்ட வேண்டி வந்தது பிற்பாடு. அந்த உயிர் பக்கத்து வீட்டுக் கண்ணாயியுடையது. அதைச் சொல்வதற்கு முன் மேனகாவுக்கு வந்ததைச் சொல்லியாக வேண்டும்.

சைக்கிள் கற்றுக்கொண்ட அடுத்த வருடம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காத ஒன்றை யார் மதிப்பார்கள்? போனில் பேச்சோடு பேச்சாக மகளிடம் சொன்னாள். நர்சிங் படிக்கிற பிள்ளை அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலையேறி வந்து நின்றாள். காரியம் மளமளவென்று நடந்தது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதனை செய்தார்கள், புற்றுநோய் என்றார்கள், ஒரு பக்கத்தை அறுத்து எடுத்தார்கள். அதற்குமேல் மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் கந்தப்பன் வேறு கதை சொல்லிவைத்திருந்தான். மகளுக்கு ஹாஸ்டல் சோறு ஒத்துக்கொள்ளவில்லை, அம்மாக்காரி சமைத்துப் போடப் போயிருக்கிறாள் என்றான். அந்த நோயின் பெயரை மலையில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது திரும்பிப் பார்க்கும் என்று ஒரு பயம். அது வந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். ஹேமலதாவுக்கு அப்போதுதான் இரண்டு இடத்திலிருந்து ஜாதகம் கேட்டிருந்தார்கள்.

சேலத்தில் தங்குவதற்கு இடம் கொடுத்தது ஒரு சைக்கிள் குழு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். வருடத்துக்கு ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டி, அதைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் நிதி திரட்டி, வெளியூரிலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கவும் சாப்பிடவும் ஒரு வீட்டை நடத்திவந்தார்கள். முன்னால் நின்று பார்த்துக்கொண்டவன் தரணிதரன், பேங்கில் வேலை செய்கிறவன். தாயை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவன். சைக்கிள் ஓட்டினால் பணம் வரும் என்று அவன் சொன்னது மேனகாவுக்கு மண்டையில் ஏறவே இல்லை.

“ஏனுங்க தம்பி, வெறும் சைக்கிள் ஓட்டுனா எவனுங்க காசு குடுப்பான்? லோடு ஏத்தி எறக்குனாலே கூலிக்கு நாலு நடை நடக்கோணும்” என்றாள்.

அவன் எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தான். கஷ்டப்பட்டு ஓட்டுகிறோம், அதைப் பார்த்து மற்றவர்கள் மனமிரங்கிக் கொடுக்கிறார்கள், எங்கள் கைக்கு ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை என்றான். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பகலில் அவளுக்குச் சட்டென்று விளங்கிற்று. இது மடிப்பிச்சை! ஒரு வேண்டுதலுக்காகப் புடவைத் தலைப்பை ஏந்தி வீடுவீடாகப் போய் நிற்பது அவர்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் மூட்டை மூட்டையாகச் சாமை இருக்கிறவளும் ஏந்துவாள். மானத்தை விட்டு நிற்பதுதான் அதில் காணிக்கை. வாசலில் நிற்பவளிடம் எதற்காக என்று வீட்டுக்காரி கேட்பாள், நிற்பவள் உள்ளதை உள்ளபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் ஆயிரம் பொய் சொல்லலாம், மடி ஏந்திக்கொண்டு பொய் சொன்னால் சாமி அந்த மடியில் எதையும் தங்கவிடாது என்பார்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே பேச்சில் புரிந்திருக்குமே என்று தரணிதரனைக் கடிந்துகொண்டாள். அவன் பாவம், மடிப்பிச்சையைக் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்து ஏற ஏறத் தலைமுடி கொட்டியது. வைத்தியம் முடிந்து மொட்டைத் தலையோடு ஊருக்குத் திரும்பும்போது என்ன சொல்வது என்று பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் யோசித்துக்கொண்டே வந்தாள். யோசனைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. இறங்கியதும் எதிரே ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்ணாயி வந்தாள்.

கண்ணாயியின் புருஷன் சின்னராசு கந்தப்பனுக்குப் பெரியப்பா மகன். அந்த முறையில் கண்ணாயி மேனகாவுக்கு அக்கா. நல்ல மனசுக்காரி. வாய் மட்டும் ஓயாது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் மாலைக்குள் குண்டூர் நாடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவளே தலையைப் பார்த்தாள், அவளே கேட்டாள்.

“என்ன புள்ள, பழனிக்கா?”

“ஆமாங்க்கா.”

ஒரே ஒரு சொல். அதற்குப்பிறகு ஊரே மற்றதைப் பார்த்துக்கொண்டது. பழனிக்குப் போய் வந்தவளிடம் பஞ்சாமிர்தம் கேட்காமல் இருப்பார்களா? கந்தப்பன் மறுநாள் முதல் வேலையாகக் கீழே இறங்கி நாமக்கல்லில் ஒரு கடையில் டப்பா டப்பாவாகப் பஞ்சாமிர்தம் வாங்கிவந்து வீடுவீடாகக் கொடுத்தான். கொடுக்கும்போதெல்லாம் சாமியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாகப் பிறகு சொன்னான். சில பேர் அந்தப் பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்களாம். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

என்ன வேண்டுதல் என்று கண்ணாயி விடாமல் குடைந்தாள். மேனகா மென்று விழுங்கி, உடம்பில் ஒரு கட்டி இருந்தது, இப்போது இல்லை என்றாள். எந்த இடத்தில் என்று கண்ணாயி கேட்டதற்கு மார்பைக் காட்டினாள். கண்ணாயி அதற்குமேல் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். கண்ணாயி பேசாமல் போனாள் என்றால் அதிலேயே ஏதோ இருக்கிறது என்று மேனகாவுக்கு உறைத்திருக்க வேண்டும். தப்பித்தோம் என்ற நினைப்பில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை மேனகா வாசலில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாயி வந்தாள். தலை மொட்டை, அதில் சந்தனம், கையில் நிஜப் பழனிப் பஞ்சாமிர்தம், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“உனக்கு எங்கயோ எனக்கும் அங்கதான் புள்ள. நீ சொன்னதுல இருந்து எனக்குத் தைரியம். முருகங்கிட்ட முடியக் குடுத்துட்டு வந்துட்டேன். இனி அவன் பாத்துக்குவான்.”

மேனகாவுக்குக் கையில் இருந்த மிளகு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். ஆடியிலிருந்து இருப்பதாகக் கண்ணாயி சொன்னாள். ஆடியில் சொல்லியிருந்தால் ஆடியிலேயே சேலத்துக்குப் போயிருக்கலாம். தான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் கண்ணாயியும் சொல்லியிருப்பாள். இப்போது ஒரு கட்டியை உடம்பில் வைத்துக்கொண்டு, குணமாகிவிட்டதாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாள் போகப் போக அது உயிருக்கு உலை வைக்கும் என்பது மேனகாவைவிட யாருக்குத் தெரியும்?

அன்றே சொன்னாள். பழனிக்கு நான் போகவில்லை, சேலத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன், முடி மருந்தில் கொட்டியது, நீயும் உடனே வா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கண்ணாயி முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. வேண்டுதலை முடித்துவந்தவள் காதில் ஆஸ்பத்திரிப் பேச்சைப் போடலாமா, சாமி கொடுத்ததைச் சந்தேகப்பட்டால் கொடுத்தது திரும்பிப் போகாதா என்று கேட்டாள்.

“உனக்குக் குடுத்த சாமி எனக்கும் குடுத்துப்போடும்னு பொறாமையா புள்ள?” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

தழும்பைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். மேனகாவின் கை ரவிக்கை ஊக்கு வரைக்கும் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது. கந்தப்பனுக்கே அவள் அதுவரை அதைக் காட்டியதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுவாள். கண்ணாயி வேலியைத் தாண்டிப் போகிறதைப் பார்த்துக்கொண்டு, தன்மேலேயே ஆத்திரமாக, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போனில் ஹேமலதாவிடம் அழுதாள். மகள் சத்தம் போட்டாள். பெரியம்மாவை எப்படியாவது கூட்டிவர வேண்டும், இதில் தாமதம் கூடாது என்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்தால் உன் கல்யாணம் என்று மேனகா இழுத்தபோது, அந்தப் பிள்ளை சொன்ன பதில் அவளைச் சுட்டது.

“என்னையச் சாக்கு வெக்காதம்மா. ஒளிஞ்சுக்கறது நீ.”

அந்த வாரத்திலேயே தரணிதரன் போன் செய்தான். இந்தத் தையில் சைக்கிள் குழு கொல்லிமலைக்குத்தான் வருகிறது, காரவள்ளியிலிருந்து மலையேறி, சோளக்காடு, செம்மேடு வழியாக அறப்பளீஸ்வரர் கோயில் வரை ஓட்டப்போகிறோம், அக்கா வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றான். மேனகா பேச வரமாட்டேன், ஓட்ட வருகிறேன் என்றாள். மலை ஏறுகிற வேலை உங்களுக்கு, சோளக்காட்டில் நான் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மனிதர்களிடம் உதவி கேட்டு வாங்கிவர வேண்டுமே என்று அவன் தயங்கியபோது, அதைத்தான் செய்யப்போகிறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தெளிந்துவிட்டது. தனியாகச் சொன்னதைக் கண்ணாயி நம்பவில்லை. மடி ஏந்திச் சொன்னால் நம்பாமல் இருக்க மாட்டாள்.

மார்கழியில் ஒரு காலை, தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, தலைப்பை ஏந்திக்கொண்டு மேனகா ஊரின் அந்தக் கோடியிலிருந்து தொடங்கினாள். முதல் வாசலில் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடித்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. அந்த வீட்டுக்காரி உள்ளே போய் ஒரு படிக்குப் பதிலாக இரண்டு படி சாமை கொண்டுவந்து கொட்டினாள். இரண்டாவது வாசலில் கொஞ்சம் சுலபமாக இருந்தது. ஐந்தாறு வீடு தாண்டியபோது செய்தி அவளுக்கு முன்னால் ஓடி, அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். மிளகு போட்டார்கள், காப்பிக்கொட்டை போட்டார்கள். கந்தப்பன் பின்னால் சாக்கோடு வந்து மடி நிறைய நிறைய வாங்கிக் கட்டினான். ஒரு கிழவர் அவனைத் தடுத்து நிறுத்தி, அப்படியானால் தான் வாங்கிச் சாப்பிட்ட பஞ்சாமிர்தம் எந்த ஊர் என்று கேட்டார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுங்க என்றான் கந்தப்பன், தலையைக் குனிந்துகொண்டு. கிழவர் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது.

கடைசி வாசல் கண்ணாயியுடையது. அவள் முறத்தில் சாமையோடு வெளியே வந்து நின்றாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தது அவள் காதுக்கு வராமலா இருக்கும்? இருந்தாலும் முறைப்படி கேட்டாள்.

“எதுக்குச் சாமி மடி ஏந்தற?”

“மாருல புத்துநோய் வந்துச்சுங்க்கா. சேலத்துல ஒரு பக்கம் முழுக்க அறுத்து எடுத்தாங்க. முடி மருந்துல கொட்டுச்சு. பழனிக்கு நான் போகவே இல்ல. நேரத்தோட போனதால பொழைச்சேன். என்னையாட்டம் வாரவங்க தங்கி வைத்தியம் பாக்கறதுக்கு மடி ஏந்தறேன்.”

கண்ணாயி முறத்தைச் சாய்த்தாள். சாமை பாதி மடியில் விழுந்தது, பாதி தரையில் சிந்தியது. மேனகாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு முறத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப்பிறகு கண்ணாயி பேசவில்லை. மேனகாவிடம் மட்டுமல்ல, யாரிடமுமே பேசவில்லை. மேனகா தினமும் போய் வாசலில் நின்றாள். தூங்குகிறாள் என்று சின்னராசு சொல்வார், அவர் முகமும் சரியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர்கள் பாடு என்று கந்தப்பன் ஆறுதலாகச் சொன்னதற்கு மேனகா அவன்மேல் எரிந்து விழுந்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது என்ன அவர்கள் பாடு? சாமை மூட்டைகள் கந்தப்பனின் ஜீப்பில் சேலத்துக்குப் போய், அந்தத் தங்கும் வீட்டின் சமையற்கட்டில் இறங்கின. தரணிதரன் பணம் போன் வழியாக வரும் என்று எதிர்பார்த்திருந்தான், மூட்டை வந்து நின்றதும் திகைத்துப்போனான். மேனகாவுக்கு அதையெல்லாம் கேட்டுச் சிரிக்க மனசில்லை.

தை பிறந்து, சைக்கிள்காரர்கள் மலையேறி வந்தார்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் வழவழப்பான சட்டையுமாகச் சோளக்காட்டில் வந்து இறங்கியபோது சந்தைக்கு வந்த கூட்டம் அவர்களைத்தான் வேடிக்கை பார்த்தது. மேனகா வந்ததும் பார்வை இந்தப்பக்கம் திரும்பியது. மகளின் சுடிதார், அதற்கு மேல் மஞ்சள் பனியன். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டும் கொடுக்கிற மஞ்சள் அது, முதுகில் பெரிய எழுத்தில் அப்படியே எழுதியும் இருந்தது. ஒரு வருடம் முன்பு அவளிடம் அதைக் கொடுத்திருந்தால் கரித்துணியாகக்கூட வைத்துக்கொண்டிருக்க மாட்டாள். இன்று போட்டுக்கொண்டு சந்தைக்கு நடுவில் நின்றாள். கந்தப்பன் ஜீப்பில் தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். பாதி வழிக்குமேல் தள்ளிக்கொண்டுதான் வருவாய் என்று சீண்டினான். ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் கோயில் வாசலில் போய் இறங்குகிறேன் பாருங்கள் என்று அவளும் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள்.

சொன்னபடி ஓட்டவும் செய்தாள். அவர்களுடைய சைக்கிளில் மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று கியர் இருந்தது. அவளுடையதில் மணி மட்டும்தான் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து மேடு ஏறிய கால் அது. அறுத்த பக்கத்துக் கை வலித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். செம்மேட்டைத் தாண்டியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டினார்கள். குளிர்காற்றும் காப்பிப்பூ வாசனையும் முகத்தில் அடித்தன. கண்ணாயி நினைப்பு மட்டும் நெஞ்சில் உறுத்தாமல் இருந்திருந்தால் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்று சொல்லியிருப்பாள்.

பலாக்குழிப்பட்டிப் பாதை ரோட்டில் வந்து சேர்கிற இடத்தில் ஊர் ஜனம் கூடியிருந்தது. கூட்டத்திலிருந்து விலகி, ரோட்டோரத்தில் கண்ணாயி நின்றாள். தலையில் துண்டு, கையில் துணி திணித்த மஞ்சப்பை. பக்கத்தில் சின்னராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாயி கை காட்டவில்லை, கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். மேனகா பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள்.

“கட்டி கொறையல புள்ள, பெருசாயிருக்குது” என்றாள் கண்ணாயி. “நீ தனியாச் சொன்னப்ப நம்பல. மடி ஏந்தி நின்ன வாயி பொய் சொல்லாது. என்னையும் அங்க கூட்டிட்டுப் போ.”

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. மேனகா சைக்கிளை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவளின் காதுக்குள் கண்ணாயி கேட்டாள்.

“வலிக்குமா?”

“வலிக்குமுங்க்கா. தாங்கிக்கலாம்.”

கந்தப்பன் பின்னாலேயே வந்து ஜீப்பை நிறுத்தியிருந்தான். வாழைப்பழத்தை இறக்கிவிட்டு இரண்டு பேரையும் ஏற்றினான். தரணிதரன் விவரம் கேட்டதும் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்கும் தங்கும் வீட்டுக்கும் போன் பேசி முடித்தான். சின்னராசு வீட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொள்வதற்காகப் பின்தங்கி, மேனகாவின் சைக்கிளோடு நின்றார். அவருக்கு ஓட்டத் தெரியாது. மணியை அடித்து அடித்து வழி விலக்கிக்கொண்டு அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாராம்.

ஜீப் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாயி வெளியே பார்த்தபடி, அறுத்த இடம் எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள். மேனகா அவள் கையை எடுத்து மஞ்சள் பனியனுக்குள் கொண்டுபோய் அந்தத் தழும்பின்மேல் வைத்தாள். கண்ணாயி கையை எடுக்கவில்லை. மலை இறங்கி முடியும் வரை அப்படியேதான் இருந்தார்கள். முன்னால் கந்தப்பன் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் ஓட்டினான்.

கண்ணாயி பிழைத்துக்கொண்டாள். இன்னும் நாலைந்து மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். முருகனுக்குக் கொடுத்துவிட்டு வளர்ந்த முடி மருந்துக்கும் ஒருமுறை போயிற்று. சாமி கைவிட்டதாக அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. முருகன்தான் மேனகாவை மடியோடு வாசலுக்கு அனுப்பினான் என்பது அவள் கட்சி. வைத்தியம் முடிந்ததும் கந்தப்பன் இரண்டு பேரையும் நிஜமாகவே பழனிக்குக் கூட்டிப்போய், கடைப் பஞ்சாமிர்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு நூறு தோப்புக்கரணம் போட்டான். ஜாதகம் கேட்ட இரண்டு இடமும் விஷயம் தெரிந்ததும் விலகிப்போயின. ஹேமலதா அதற்காக ஒருவேளைச் சோற்றைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. போன வைகாசியில் அவளோடு வேலை பார்க்கிற பையனே வீடு தேடி வந்து பெண் கேட்டான்.

இப்போது மார்கழி பிறந்தால் மேனகாவும் கண்ணாயியும் சேர்ந்து மடி ஏந்துகிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போகிறார்கள். மேனகா இரண்டு வாக்கியத்தில் முடிப்பாள். கண்ணாயி குளிக்கும்போது எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, ஆஸ்பத்திரிச் சாம்பாரில் உப்பு இல்லாதது வரைக்கும் சொல்லித்தான் அடுத்த வாசலுக்கு நகர்வாள். மலையில் யாரும் உச்சரிக்காத பெயரை அவள் வாய் ஓயாமல் உச்சரித்து உச்சரித்து, அதன் பயம் பாதி போய்விட்டது. சாமை மூட்டைகள் ஜீப்பில் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

இந்தத் தையில் மேனகாவுக்கு மூன்றாவது ஓட்டம். கண்ணாயி விடியலிலேயே கோயிலுக்குப் போய், ஓட்டி வருகிறவர்களுக்குக் களி கிண்டிக் கீரை கடைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பையும் அவள் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை மேனகாவின் கால் சளைக்காமல் மிதித்தது. கை வலிக்கவில்லை. முன்னால் போனவர்களில் இரண்டு பேரைக்கூட முந்தினாள். கடைசி மேடு ஏறி முடிந்துவிட்டது, இனி கோயில் வரைக்கும் இறக்கம்தான்.

அந்த இறக்கத்தின் தலைப்பில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மார்கழியில் இவர்கள் மடி ஏந்தப் போன ஊரில் மருமகளாக வந்திருக்கிற பூங்குழலி. இவர்களுக்கு ஒரு கை மிளகு போட்டுவிட்டு, எதையோ கேட்க வந்து கேட்காமலே உள்ளே போனவள். சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பனியன் வந்ததும் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

மேனகா இறங்கிவிட்டாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு, சொல்லு கண்ணு என்றாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். புருஷனுக்கும் தெரியாது, பால் கொடுக்கிற மாரில் இப்படி இருக்கிறதே என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றாள். பால் கட்டியதாகவும் இருக்கலாம், பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், பார்க்காமல் இருக்கக் கூடாது என்று மேனகா சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் எல்லோரும் வந்து சேர்ந்தும் மேனகாவைக் காணவில்லை. அக்கா மேட்டில் ஒரு பொண்ணோடு பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பின்னால் வந்தவன் ஒருவன் சொல்லியிருக்கிறான். மேனகா போனை எடுத்துக் கந்தப்பனைக் கூப்பிடலாம் என்று பார்த்தபோது, ஜீப் மேட்டில் ஏறி வந்து நின்றது. முன்சீட்டில் கண்ணாயி. களிக்கரண்டி இன்னும் கையில் இருந்தது. என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இறங்கிவந்து பின்கதவைத் திறந்துவிட்டு, பூங்குழலியின் கையைப் பிடித்தாள்.

“ஏறிக்க சாமி. இவளுக்கும் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. ரண்டு பேரும் உசுரோட உக்காந்திருக்கறம் பாரு.”

பூங்குழலி ஏறினாள். மேனகா குழந்தையோடு அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, இவள் ஊட்டுக்காரரிடமும் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், வண்டியை இவள் ஊர்ப்பக்கம் திருப்புங்க என்று கந்தப்பனிடம் சொன்னாள்.